சைக்கிளில் ஆங்கிலக் கிராமங்கள்: நாளைக்கு 80 கிலோமீட்டர் சரியா?

கேள்வி: ஜூன் மாதம் மகள் வீட்டுக்கு லண்டன் வருகிறேன். வயது 58. தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிற பழக்கம் உண்டு. ஐந்து நாள் தனியாகப் பழைய ஆங்கிலக் கிராமங்களைச் சைக்கிளில் சுற்ற ஆசை. எல்லாரும் காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதிக்குப் போ என்கிறார்கள். நாளைக்கு 80 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரியா? மகள் பயப்படுகிறாள்.

மார்ச் 3, இரவு

80 வேண்டாம். முப்பது போதும். உங்கள் காலுக்கு முடியாது என்று சொல்லவில்லை, 80 ஓட்டினால் கிராமம் எதையும் பார்க்க மாட்டீர்கள் என்றுதான் சொல்கிறேன். காலை ஒன்பதுக்குக் கிளம்பி மாலை ஐந்து வரை மிதித்துக்கொண்டே இருப்பீர்கள். நீங்கள் நின்று பார்க்க ஆசைப்படுகிற சர்ச்சும் வளைந்த மர வீடும் கண் ஓரத்தில் ஓடிப்போகும்.

காட்ஸ்வோல்ட்ஸ் அழகுதான். ஆனால் ஜூனில் அங்கே கார்களும் பேருந்துகளும் நிறைந்திருக்கும், ஏற்றமும் அதிகம். நான் சொல்வது கிழக்கு இங்கிலாந்தில் இருக்கிற சஃபக் மாவட்டம். அதிலும் தெற்கு ஓரம், பக்கத்து மாவட்டமான எசெக்ஸோடு ஒட்டிய ஸ்டவர் ஆற்றுப் பள்ளத்தாக்கு: சட்பரி, லாங் மெல்ஃபர்ட், லாவன்ஹம், கெர்சி, கேவன்டிஷ், கிளேர். பதினொரு வருடமாக இந்தப் பக்கம் சைக்கிளில் போய்வருகிறேன். தரை சமம், ஏற்றமே கிடையாது. கவலைப்படாமல் வாருங்கள்.

மார்ச் 4, காலை

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். "ஏற்றமே கிடையாது" என்று எழுதிவிட்டேன். கீழே பின்னூட்டத்தில் ஒருவர் கெர்சி மேட்டை நினைவுபடுத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி.

சஃபக் முழுவதிலும் உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து 128 மீட்டர்தான். அதை வைத்துத்தான் எல்லாரும் சமவெளி என்கிறார்கள், நானும் சொன்னேன். ஆனால் தெற்கில் ஸ்டவர், பிரெட், பாக்ஸ் என்று சின்னச் சின்ன ஆறுகள் மண்ணை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. ஊர்கள் பெரும்பாலும் அந்தப் பள்ளங்களில் இருக்கின்றன, சாலையோ ஒரு பள்ளத்திலிருந்து மேலேறி அடுத்த பள்ளத்தில் இறங்குகிறது. ஒவ்வொரு ஏற்றமும் ஐந்து நிமிடம்தான், ஆனால் அப்படி ஒரு நாளில் பத்து வரும். பழகிப்போனதால் எனக்கு அது ஏற்றமாகவே படவில்லை. புதிதாக வருபவருக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சின்ன கியர் உள்ள சைக்கிளாகப் பார்த்து எடுங்கள். இறங்கித் தள்ளினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. தள்ளும்போதுதான் வேலியோரப் பூக்கள் கண்ணில் படும்.

மார்ச் 4, மதியம்

எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டனில் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறி மார்க்ஸ் டேயில் மாறினால் சட்பரிக்குக் கிளை ரயில் வரும். இருபது நிமிடப் பயணம். நடுவில் ரயில் செப்பல் பாலத்தின் மேல் ஓடும். 1847இல் தொடங்கி 1849இல் முடித்த செங்கல் பாலம், 32 வளைவு. மேலே உட்கார்ந்திருப்பவருக்குப் பாலம் தெரியாது, பள்ளத்தாக்குதான் தெரியும். ஒரு முறை செப்பலில் இறங்கி, கீழே போய் வளைவுகளுக்கு அடியில் நின்று பாருங்கள். அடுத்த ரயிலைப் பிடித்துக்கொள்ளலாம்.

வார நாட்களில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் லண்டன் ரயில்களில் மடக்க முடியாத சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள்.

மார்ச் 6

எந்தச் சாலை என்பதுதான் உண்மையான கேள்வி, உங்கள் மகளின் பயமும் அதில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கைப்பேசி வரைபடம் மட்டும் போதாது. ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு வரைபட நிறுவனத்தின் காகித வரைபடம் வாங்குங்கள். லாண்ட்ரேஞ்சர் 155ஆம் எண், 1:50,000 அளவு. இந்தச் சுற்றின் பெரும்பகுதி அந்த ஒரே தாளில் அடங்கும். பச்சையும் சிவப்பும் பெரிய சாலைகள். மஞ்சள் கோடுகள் சின்னச் சாலைகள், அதிலும் மெல்லிய மஞ்சள்தான் நமக்கு. லாங் மெல்ஃபர்டிலிருந்து கேவன்டிஷ் போக ஏ1092 என்ற பெரிய சாலை நேராகப் போகிறது. லாரிகளும் அதே சாலையில்தான் போகின்றன. நான் அதை விட்டு ஆற்றைக் கடந்து எசெக்ஸ் பக்கம் போவேன்: லிஸ்டன், ஃபாக்ஸ்எர்த், பென்ட்லோ. ஒரு மணி நேரத்தில் நாலு கார் பார்த்தால் அதிகம். பென்ட்லோ சர்ச்சின் கோபுரம் வட்டமானது. கிழக்கு இங்கிலாந்தில்தான் இந்த மாதிரி அதிகம். மூலைக்கு வைக்கச் செதுக்கிய கல் கிடைக்காத ஊர், இருந்தது சக்கிமுக்கிக் கல் மட்டும், அதனால் வட்டமாகக் கட்டினார்கள் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள்.

அந்த மெல்லிய மஞ்சள் சாலைகளில் ஒரு கார் போகத்தான் அகலம் இருக்கும். இரண்டு பக்கமும் ஆள் உயர வேலி. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. சட்டப்படி ஊருக்கு வெளியே அந்தச் சாலையிலும் மணிக்கு 60 மைல் வரை போகலாம், யாரும் போவதில்லை, ஆனாலும் காதைத் திறந்து வைத்திருங்கள். பாட்டு கேட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். பின்னால் கார் வந்தால் பதறிப் புல்லில் ஏற வேண்டியதில்லை. அகலமான இடம் வரும்வரை உங்கள் வேகத்திலேயே போய், அங்கே ஒதுங்கிக் கையைத் தூக்கினால் போதும். அவர்களும் கையைத் தூக்குவார்கள். 2022இல் சாலை விதிப் புத்தகத்தை மாற்றிய பிறகு, 30 மைல் வேகம் வரை சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

குதிரைமேல் யாராவது போனால் மணி அடிக்காதீர்கள். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, "ஹலோ, பின்னால் சைக்கிள்" என்று குரல் கொடுங்கள். குதிரைக்கு மனிதக் குரல் பழக்கம். சத்தமில்லாமல் பின்னால் வரும் சைக்கிளுக்குத்தான் அது மிரளும்.

மார்ச் 6, கொஞ்ச நேரம் கழித்து

விட்டுப்போனது: வயல் வழியே போகும் பாதைகள். மஞ்சள் அம்பு போட்டிருந்தால் நடப்பவருக்கு மட்டும். நீல அம்பு குதிரைப் பாதை, அதில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து சைக்கிளும் போகலாம், நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் நீல அம்பையும் மறந்துவிடுங்கள். இது களிமண் நாடு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றாது.

மார்ச் 9

லாவன்ஹமைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதைத்தான் எழுத ஆசைப்பட்டேன்.

முதல் முறை போனபோது, தெருவில் ஒரு வீடும் நேராக இல்லையே என்றுதான் தோன்றியது. ஒன்று இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, பக்கத்து வீடு அதன் தோளில் சாய்ந்திருக்கிறது. மேல்மாடி தெருவை நோக்கிக் குனிந்து நிற்கிறது. அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. ஓக் மரத்தை வெட்டியவுடன், ஈரம் காயாமல், பச்சையாகவே இழைத்துத் தூணும் உத்திரமுமாக மாட்டியிருக்கிறார்கள். காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி இறங்காது. பச்சை மரத்தில் வேலை சுலபம். வீட்டில் ஆட்கள் குடியேறிய பிறகு மரம் காய்கிறது, காயும்போது முறுக்கிக்கொள்கிறது, வீடும் கூடவே திரும்புகிறது. மரையாணி கிடையாது, துளையில் மர முளை அடித்துச் சேர்த்த மூட்டுகள். அதனால் உடையாமல் நெகிழ்ந்து கொடுத்து ஐந்நூறு வருடமாக நிற்கிறது.

மரத்தின் நிறத்தையும் கவனியுங்கள். படங்களில் பார்க்கிற கறுப்பு வெள்ளை இங்கே இல்லை. வெள்ளி கலந்த சாம்பல் நிறம். மரத்துக்குக் கறுப்பு பூசுவது பெரும்பாலும் விக்டோரியா காலத்து ஆசை. பழைய வழக்கம் சுவரோடு சேர்த்து மரத்துக்கும் சுண்ணாம்பு அடிப்பது.

இத்தனை வீடுகளுக்கும் பணம் கம்பளித் துணியிலிருந்து வந்தது. லாவன்ஹம் நீலத் துணிக்குப் பேர்போன ஊர். 1524இல் எடுத்த வரிக் கணக்கில் இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் 14ஆவது இடம். இன்றைக்குச் சுமார் இரண்டாயிரம் பேர் இருக்கிற ஊர் அது! சர்ச் கோபுரம் 141 அடி. தாமஸ் ஸ்பிரிங் என்ற துணி வியாபாரியும் ஆக்ஸ்ஃபர்ட் பிரபுவான ஜான் டி வியரும் கொடுத்த பணத்தில் எழுந்தது. கோபுரத்தின் கல்லில் இரண்டு குடும்பங்களின் சின்னங்களும் இருக்கின்றன, ஸ்பிரிங் குடும்பத்தின் சின்னம் திரும்பத் திரும்ப வரும். கழுத்து வலிக்கும்வரை நின்று எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அந்த வரிக் கணக்குக்கு மறு வருடமே, 1525இல், எட்டாம் ஹென்றி பிரான்ஸோடு போருக்கென்று இன்னொரு வரி கேட்டார். ஆயிரக்கணக்கானோர் லாவன்ஹமில் திரண்டார்கள். முதலாளிகளிடம் பணம் பிடுங்கினால் எங்களுக்கு வேலை எங்கே என்பது நெசவாளர்களின் கேள்வி. கடைசியில் அரசர் வரியைக் கைவிட்டார்.

அப்புறம் சரிவு. டச்சு நாட்டிலிருந்து அகதிகளாக வந்து கோல்செஸ்டரில் குடியேறிய நெசவாளர்கள் மெல்லிய, மலிவான துணி நெய்தார்கள். லாவன்ஹமின் கனத்த நீலத்தைக் கேட்பாரில்லை. பணம் போய்விட்டது. வீட்டை இடித்துச் செங்கல்லில் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. அதனால்தான் அத்தனையும் அப்படியே நிற்கிறது. 1530 வாக்கில் கட்டிய கில்ட்ஹால் என்ற சங்க மண்டபத்தில் பிறகு சிறை இருந்தது, ஏழைகளை வைத்து வேலை வாங்கும் விடுதி இருந்தது. அதன் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்காரும்போதெல்லாம் எனக்கு இதே நினைப்புதான்: நாம் அழகு என்று பார்ப்பது ஒரு ஊரே வேலை இழந்ததன் தடம்.

மார்ச் 10

கேட்டவருக்கு: பெயரை உள்ளூரில் "லாவ்னம்" என்கிறார்கள். "லாவென்-ஹாம்" என்று நிறுத்திச் சொன்னாலும் வழி சொல்லிவிடுவார்கள்.

மார்ச் 14

கெர்சி. இந்த ஊரில் ஒரே தெரு. ஒரு மேட்டிலிருந்து இறங்கி அடுத்த மேட்டில் ஏறுகிறது, நடுவில் ஓடை தெருவையே குறுக்கே கடந்து ஓடுகிறது. கார்கள் தண்ணீருக்குள் இறங்கித்தான் போகின்றன. வாத்துகள் நடுத்தெருவில் நிற்கும். எதிர் மேட்டின் உச்சியில் சர்ச். கெர்சி என்றே ஒரு முரட்டுக் கம்பளித் துணி உண்டு. அந்தப் பெயர் இந்த ஊரிலிருந்துதான் போனது என்பார்கள்.

ஓடைக்குள் சைக்கிளை விடாதீர்கள். நான் விட்டேன், மூன்றாவது வருடம், மே மாதம். தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. அடியில் பாசி பிடித்திருந்தது தெரியவில்லை. முன்சக்கரம் வழுக்கி இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு ஆறு வாரம் கட்டில் இருந்தது. எதிர்வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி துண்டும் தேநீரும் கொண்டுவந்து கொடுத்து, தன் காரிலேயே சட்பரி வரை கொண்டுபோய் விட்டார். சைக்கிளை அவர் கொட்டகையில் வைத்திருந்து, ஆறு வாரம் கழித்து நான் எடுக்கப் போனபோது செயினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார். ஓடைக்குப் பக்கத்திலேயே சின்ன நடைபாலம் இருக்கிறது. தள்ளிக்கொண்டு போங்கள்.

சர்ச்சுக்கு ஏறிப்போனால் உள்ளே தலையில்லாத தேவதைகளைப் பார்க்கலாம். உருவங்கள் கூடாது என்ற மதக் கொள்கை ஓங்கிய காலத்து வேலை. 1643, 44இல் வில்லியம் டௌசிங் என்பவர் இதற்கென்றே அதிகாரம் பெற்று சஃபக் சர்ச்சுகளைச் சுற்றிவந்தார். கிளேரில் மட்டும் ஆயிரம் படங்களை உடைத்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கிளேர் சர்ச்சுக்குள் நுழைந்ததும் அவ்வளவு வெளிச்சமாக இருக்கிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். வண்ணக் கண்ணாடி போனதால் வந்த வெளிச்சம் அது. லாங் மெல்ஃபர்டில் பதினைந்தாம் நூற்றாண்டுக் கண்ணாடி நிறையவே தப்பியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள்.

மார்ச் 15

"எல்லா ஊரிலும் சர்ச்சா, சலிப்பாக இருக்காதா?" என்று ஒரு தம்பி கேட்கிறார். அவர் கேட்பது நியாயமான கேள்வி, ஆனால் சைக்கிளில் வருபவருக்கு சர்ச் வெறும் கோயில் மட்டும் இல்லை தம்பி. மழைக்கு ஒதுங்க முன்மண்டபம் இருக்கிறது, இரண்டு பக்கமும் கல் திண்ணை. கல்லறைத் தோட்டத்தில் பூச்செடிக்கு ஊற்றவென்று பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். பகலில் கதவு பூட்டியிருப்பது அபூர்வம். நான் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பது எப்போதும் அந்தத் திண்ணையில்தான். சாப்பிட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்க்காமல் போக மனம் வராது. பிரென்ட் ஈலி சர்ச்சை அப்படித்தான் கண்டேன். வெளியே பார்த்தால் சின்னக் கட்டடம். உள்ளே பலிபீடத்துச் சுவரில் பதினான்காம் நூற்றாண்டுச் சிலுவைக் காட்சி, சிவப்புக் காவி இன்னும் மங்கவில்லை. பல நூற்றாண்டு சுண்ணாம்புக்கு அடியில் கிடந்து 1960 வாக்கில் வெளியே வந்தது. அன்று மழை மட்டும் வராமல் இருந்திருந்தால் நேரே மங்க்ஸ் ஈலிக்குப் போயிருப்பேன்.

மார்ச் 21

பஞ்சர் பற்றி. ஜூனில் வருபவருக்கு இது அவ்வளவு தேவையில்லை, ஆனால் அக்டோபரில் வரலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வயல் வேலிகளை வெட்டக் கூடாது, பறவைகள் கூடு கட்டும் காலம். செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் வெட்டும் இயந்திரம் மாட்டி வெட்ட ஆரம்பிப்பார்கள். வேலி முழுக்க ஹாத்தார்ன், பிளாக்தார்ன் முள். வெட்டிய முள் சாலையில் சிதறிக் கிடக்கும். ஒரு அக்டோபரில் செல்ஸ்வர்த்துக்கும் பில்டஸ்டனுக்கும் நடுவில், மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில், மூன்று பஞ்சர். இரண்டு டியூப் வைத்திருந்தேன். மூன்றாவதுக்கு ஒட்டுப்போட ஈரமான சாலையோரத்தில் உட்கார்ந்து டியூப்பைக் கன்னத்தருகே வைத்துக் காற்றைத் தேடினேன். கிழங்கு அறுவடை நடக்கும் காலம் வேறு, டிராக்டர் சக்கரத்திலிருந்து விழுந்த சேறு சாலையெல்லாம்.

ஆகவே மே, ஜூன். மே மாதம் அதே ஹாத்தார்ன் வேலி முழுக்க வெள்ளைப் பூவாக நிற்கும், அடியில் கௌ பார்ஸ்லி என்ற காட்டுச்செடி இடுப்பு உயரம் நுரை மாதிரி பூத்திருக்கும். ஒடுங்கின சாலையில் இரண்டு பக்கமும் கையில் உரசிக்கொண்டே போகலாம். ஜூனில் சூரியன் மறைய ஒன்பதேகால் ஆகிவிடும். அவசரமே இல்லை.

மார்ச் 22

சாப்பாடு, தங்குமிடம். கிராமத்துப் பப்களில் பகல் சமையல் இரண்டு, இரண்டரைக்கு முடிந்துவிடும். தேநீர்க் கடைகள் நாலுக்கு மூடும். ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் பல இடங்களில் அடுப்பே எரியாது. ஒரு திங்கட்கிழமை மாலை, அறை பதிவு செய்த விடுதிக்குப் போய் நின்றேன், ஊர் பெயர் வேண்டாம். உணவு உண்டு என்று சொல்லியிருந்தார்கள், போனால் சமையலறை பூட்டு. பையில் இருந்த இரண்டு வாழைப்பழத்தோடு படுத்தேன். அதிலிருந்து எந்த விடுதியாக இருந்தாலும் முன்தினம் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேட்கிறேன்: இரவுச் சாப்பாடு உண்டா, சைக்கிளைப் பூட்டி வைக்க உள்ளே இடம் உண்டா.

மார்ச் 30

ஐயா, நாள் நாளாகப் போட்டுத் தரச் சொன்னீர்கள்.

முதல் நாள் சட்பரி. ஓவியர் கெயின்ஸ்பரோ 1727இல் பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது, அவர் சிலை சந்தை மேட்டில் நிற்கிறது. பார்த்துவிட்டு ஐந்தாறு கிலோமீட்டரில் லாங் மெல்ஃபர்ட் போய்த் தங்குங்கள். அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டாம் நாள் நான் சொன்ன எசெக்ஸ் பக்கச் சாலையில் கேவன்டிஷ், அங்கிருந்து கிளேர், திரும்பி மெல்ஃபர்ட். கேவன்டிஷில் புல்வெளி ஓரம் இளஞ்சிவப்புச் சுவரும் கூரை வேய்ந்த மேற்புறமுமாகச் சில குடிசைகள், பின்னால் சர்ச் கோபுரம். ஒரு மணி நேரமாவது அந்தப் புல்லில் உட்காருங்கள். கிளேரில் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய பழைய வீட்டில் 1473 என்று ஆண்டு போட்டிருக்கும், சுவர் முழுக்கச் சாந்தில் கொடியும் இலையுமாகப் புடைப்பு வேலை. மூன்றாம் நாள் லாவன்ஹம், வேறெங்கும் போகாதீர்கள். நாலாம் நாள் பிரென்ட் ஈலி, மங்க்ஸ் ஈலி, செல்ஸ்வர்த், லிண்ட்சி, கெர்சி, இரவு ஹாட்லி. லிண்ட்சியில் சாலையோரம் கூரை வேய்ந்த ஒரு கல் கட்டடம், கொட்டகை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவீர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிற்றாலயம் அது. பதினாறாம் நூற்றாண்டில் மூடியபின் உண்மையிலேயே கொட்டகையாக இருந்து 1930கள் வாக்கில்தான் மீண்டது. ஐந்தாம் நாள் ஸ்டோக் பை நேலண்ட், ஈஸ்ட் பெர்கோல்ட், ஃப்ளாட்ஃபர்ட், மானிங்ட்ரீயில் ரயில்.

மார்ச் 30, இரவு

ஐந்தாம் நாளை எழுதும்போது அவசரப்பட்டுவிட்டேன். ஃப்ளாட்ஃபர்ட் ஆலை ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் அப்பாவுடையது. 1821இல் கான்ஸ்டபிள் வரைந்து முடித்த வைக்கோல் வண்டிப் படத்தில் இருக்கிற வீடு இன்றும் தண்ணீரோரம் நிற்கிறது. கூட்டம் வரும் இடம், காலையிலேயே போய்விடுங்கள். அங்கிருந்து மானிங்ட்ரீக்கு ஆற்றோரமாகப் போகிற பாதை நடப்பவருக்கானது, மேலே ஏறிச் சாலை வழியாகத்தான் வர வேண்டும். கடைசித் துண்டில் வண்டிகள் அதிகம்.

முடிந்தால் ஐந்தாம் நாள் ஞாயிறாக இருக்கட்டும். ஈஸ்ட் பெர்கோல்ட் சர்ச்சுக்குக் கோபுரம் கட்ட ஆரம்பித்தார்கள், முடியவில்லை. மணிகளை வைக்கத் தற்காலிகமாக 1531இல் தரையில் ஒரு மரக்கூண்டு போட்டார்கள். மணிகள் இன்றும் அந்தக் கூண்டில்தான் இருக்கின்றன. ஐந்து மணி, சேர்த்து நாலு டன்னுக்கு மேல். கயிறு கிடையாது. பக்கத்தில் நின்று கையாலேயே தள்ளி ஆட்டி அடிக்கிறார்கள். அந்தச் சத்தம் காதில் கேட்பதற்கு முன் பாதத்தில் ஏறும்.

ஏப்ரல் 8

மார்ச் 9இல் லாவன்ஹம் பற்றி எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒன்று உறுத்துகிறது. பணம் போனது, ஊர் அப்படியே நின்றது என்று எழுதியிருக்கிறேன். ஏதோ ஐந்நூறு வருடம் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது மாதிரி படிக்கிறவருக்குத் தோன்றும். அப்படியில்லை. நூல் நூற்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரை மயிரில் துணி நெய்தார்கள். 1865இல் ரயில் வந்தது, 1961இல் பயணிகள் ரயில் நின்றது. அந்தத் தண்டவாளப் பாதையின் ஒரு பகுதியில்தான் இப்போது மக்கள் நடக்கிறார்கள். சட்பரியில் பட்டு இன்றும் நெய்கிறார்கள். 1981இல் டயானா திருமணத்துக்கு உடுத்திய பட்டு அங்கே நெய்ததுதான். கம்பளி போனபின் தறியை யாரும் தூக்கி எறியவில்லை, நூலை மாற்றிக்கொண்டார்கள். "வேலை இழந்ததன் தடம்" என்று எழுதியது பாதிதான் உண்மை.

ஏப்ரல் 9

இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும், எழுதும்போது நினைவு வரவில்லை. கேவன்டிஷுக்கு வடகிழக்கே மேட்டில் கிளெம்ஸ்ஃபர்ட் என்று ஒரு ஊர். சுற்றுலாக்காரர்கள் போவதில்லை, சுற்றி இருக்கிற ஊர்களைப் போல அழகும் இல்லை. போன வருடம் வழி தவறி அதற்குள் போனேன். செங்கல் வீடுகள், பழைய ஆலைக் கட்டடம். நின்றிருந்த பெரியவரிடம் இங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "தேங்காய் நார்" என்றார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். தேங்காய் நார்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊரிலும் லாங் மெல்ஃபர்டிலும் தேங்காய் நாரில் பாய் நெய்வது பெரிய தொழில். தென்னை ஒன்றுகூட வளராத ஊரில், கப்பலில் வந்த நாரை எடுத்து, கம்பளி நெய்த பரம்பரை நெய்திருக்கிறது. 1906இல் லண்டன் ஒலிம்பியா அரங்குக்கு கிளெம்ஸ்ஃபர்டில் நெய்த விரிப்பு அந்தக் காலத்தில் உலகிலேயே பெரியது.

அந்த நாள் முழுக்க அழகான இடம் எத்தனையோ பார்த்தேன். இரவு படுத்தபோது அந்த ஆலைச் சுவர்தான் கண்ணில் நின்றது.

ஏப்ரல் 9, சேர்ப்பு

ஐயா, இரண்டாம் நாளில் கிளேரிலிருந்து திரும்பும்போது கிளெம்ஸ்ஃபர்ட் வழியாக வாருங்கள். ஏற்றம் ஒன்று இருக்கிறது. மொத்தம் முப்பதைத் தாண்டாது.

ஏப்ரல் 17

மகளும் முதல் இரண்டு நாள் கூட வருகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப நல்லது. சைக்கிள் இரண்டையும் ரயிலில் ஏற்ற வேண்டும், கிளை ரயில் சின்னது. சனிக்கிழமை வேண்டாம், செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வண்டியைப் பாருங்கள். செவ்வாயில் தொடங்கினால் ஐந்தாம் நாள் சனி ஆகிவிடும், மணிச் சத்தத்துக்காக ஈஸ்ட் பெர்கோல்டில் ஒரு இரவு கூட்டிக்கொள்ளுங்கள். அந்த ஞாயிறு காலை நானும் அங்கே இருப்பேன், பச்சை சைக்கிள், கூண்டுக்குப் பக்கத்தில்.